மூடி நட்டு

எங்காவது பச்சைப் புளிய மரத்தை அறுத்தால், அந்த ஈரமும் துவர்ப்புமான வாசனைக்கு எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. கூடவே ஒரு ஹெரால்ட் கார் கண்முன் வந்து நிற்கிறது, ஜாக்கி மேல், ஒரு சக்கரம் இல்லாமல்.

கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பிள்ளையும் நானும் கூட்டாக வாங்கிய கார். மெட்ராஸ் பக்கம் சோழவரம் பந்தய ஓடுதளத்தில் எப்போதாவது ஒரு ஞாயிறு எங்களைப் போன்ற கிறுக்கர்களையும் ஓட்ட விடுவார்கள். முந்தைய முறை விடவில்லை. அகலச் சக்கரம் மாட்டுவதற்காக சக்கரத்துக்கு உள்பக்கம் தகடு கொடுத்திருந்தோம். அதனால் சக்கரத்தைப் பிடிக்கும் மரையாணியான ஸ்டட்டு, நட்டுக்குள் பாதிதான் ஏறியிருந்தது. சோதனைக்காரர் குனிந்து பார்த்தார்.

"சக்கரம் ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவீங்க. தள்ளிக்கினு போங்கப்பா."

இந்த முறை தவறவிட்டால் வேறு ஞாயிறு கிடையாது. கூட்டாளிக்குச் சவுதி விசா வந்துவிட்டது. போவதற்குள் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று.

மெட்ராஸிலிருந்து நீள ஸ்டட்டுகளை வரவழைத்தோம். அவன் கடையின் பின்கட்டில் பழையதை அடித்து எடுத்தோம். சுத்தியலடியில் அவை வளைந்து செத்தன. புதியதை இழுத்து உட்கார வைத்து, பழைய நட்டுகளையே போட்டு முறுக்கினோம். குல்லாய் போட்டதுபோல் தலை மூடிய நட்டுகள், பளபளவென்று.

கல்வராயன் மலை ரோட்டில் ஏற்றிப் பார்த்தோம். மூன்றாவது வளைவில் முன்சக்கரம் டொக் டொக் என்றது. இறங்கி ஸ்பேனர் போட்டால் நட்டு கல் மாதிரி அசையவில்லை. காலால் உதைத்தால் சக்கரம் ஆடியது.

"நட்டு டைட்டு, சக்கரம் லூசு. இது இன்னாடா கணக்கு?" என்றான்.

ஒன்றைக் கழற்றினோம். குல்லாயின் உட்புறத்தில் ஸ்டட்டின் முனை புதிதாகக் குத்திய தழும்பு. நீளம் கூடிய ஸ்டட்டு மூடியில் போய் முட்டி நின்றிருக்கிறது. சக்கரத்தை அழுத்துகிறது என்று நாங்கள் முறுக்கியிருக்கிறோம். ஸ்டட்டை மாற்ற இத்தனை நாள் பேசினோமே, நட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசினோமா?

நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டி, வடக்கனந்தலில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினோம். இருபுறமும் திறந்த நட்டுக்கு மெட்ராஸுக்கு டிரங்க்கால் போட்டோம். அனுப்புவதாகச் சொன்னார்கள். மறுநாள் விடிந்தபோது ரோட்டில் புளிய மரங்கள் விழுந்து கிடந்தன.

இடஒதுக்கீடு கேட்டு, மறியலுக்காக எங்கள் சாதி ஆட்கள்தான் வெட்டியிருந்தார்கள். கேட்டது நியாயம். கூட்டங்களில் நானும் கோஷம் போட்டவன். அதனாலேயே யாரையும் திட்ட முடியவில்லை. கோடாலியோடு நின்ற சித்தப்பா மகன் சிரித்தான்.

"இன்னாண்ணே, ரேஸு வுடணுமா? ஒதுக்கீடு வரட்டும், உன் புள்ளைங்க சர்க்கார் ஜீப்பே ஓட்டும்."

"அதுவரைக்கும் நான் இன்னாடா ஓட்றது?"

"மாடு ஓட்டு."

லேத்துப் பட்டறைகள் அடைத்துக் கிடந்தன. ரம்பத்தால் ஒரு நட்டின் மூடியை அறுத்துப் பார்த்தேன். மரை நசுங்கி, எந்த ஸ்டட்டிலும் ஏறாமல் போனது. ஞாயிறு வந்தது. அவன் கள்ளக்குறிச்சியிலிருந்து வயல் வரப்புகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, ஜாக்கி மேல் நின்ற காரில் ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தான்.

மரங்களை அகற்றிய பிறகு கிளம்பிய முதல் மெட்ராஸ் பஸ்ஸில் அவன் போனான். நட்டுப் பார்சல் அப்போதும் வரவில்லை.

"வந்தா மாட்டி, சோழவரத்துல ஒரு சுத்து ஓட்டு," என்றான் ஜன்னலிலிருந்து.

"நீ இல்லாம இன்னாத்துக்கு?"

"டேய், நிறுத்தி வெச்சா துரு புடிக்கும். போய் ஓட்றா."

"சரி, ஓட்டிட்டு லெட்டர் போட்றேன்."

பஸ் நகர்ந்தது. அவன் தலையை வெளியே நீட்டினான்.

"போடு மச்சான். எவ்ளோ நேரத்துல சுத்துனன்னு மட்டும் எழுதிடாத."