பாறையில் முளைத்த காளான்

நேற்றுக் காலை சாமை உப்புமாவில் கல். ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி எண்ணினேன், ஒன்பது. "எண்ணி முடிச்சாச்சுன்னா சாப்புடுங்க மாமா, ஆறுது" என்றாள் மருமகள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, இரண்டு முறை அரித்துத்தான் போட்டாள். இது தார் ரோட்டுக் கருங்கல் பொடி. கொல்லிமலையில் இப்போது சாமைக் கதிரை ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளை ஏறவிட்டு உதிர்க்கிறார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் மலை விவசாயி வெள்ளையன் தந்த சாமையில் நான் கல்லைப் பார்த்ததில்லை. அது பாறையில் அடித்த சாமை.

தொண்ணூற்றேழிலிருந்து எட்டு வருடம், ஞாயிறுதோறும் நாமக்கல்லிலிருந்து மலைக்குச் சுற்றிப் பார்க்கப் போகும் வேனில் நான் வழிகாட்டி. வழி டிரைவருக்கே தெரியும். என் வேலை மைக்கில் பேசுவதும், நிற்கிற இடமெல்லாம் தலை எண்ணி ஏற்றுவதும்தான். எழுபது கொண்டை ஊசி வளைவையும் விடாமல் சொல்லிக்கொண்டு வருவேன். முப்பதுக்கு மேல் கேட்க ஆள் இருக்காது. பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடியிருப்பார்கள், மீதிப் பேரின் தலை ஜன்னலுக்கு வெளியே இருக்கும். எலுமிச்சை வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் பசிக்காது.

தேவனூர் நாட்டுப் பக்கம் ரோட்டை ஒட்டி ஒரு வழுக்கைப் பாறை. ஏறி நின்றால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். அதுதான் வெள்ளையனின் களம். அறுப்பு முடிந்ததும் நான்கு மாடுகளை ஒன்றாகப் பிணைத்துக் கதிரின் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். வேனிலிருந்து இறங்குகிறவர்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏனுங்க, செருப்ப மட்டும் கீழ உட்டுட்டு ஏறுங்க. திங்கற தவசமுங்க." முதல் இரண்டு வருடம் எல்லோரும் கழற்றினார்கள். அப்புறம் வந்த கூட்டத்தில் ஒருவர், "பாறைக்குப் பட்டா வச்சிருக்கியா?" என்று கேட்டார். வயலுக்குப் பட்டா இருந்தது. பாறைக்கு யார் பட்டா வாங்குவார்கள்?

அந்தக் கேள்வி எப்படியோ மேலிடம் வரை போய்விட்டது. ஒரு வெயில் காலத்தில் கான்ட்ராக்டர் ஒருவர் வந்து, பாறையின் ஓரம் முழுக்கத் துளை போட்டு இரும்புக் கம்பி நட்டார். 'காட்சிமுனை' என்று போர்டு வைத்தார். போதாதென்று நட்டநடுவில் சிமென்டில் ஒரு காளான் குடை. சிவப்புப் பெயின்ட், வெள்ளைப் புள்ளிகள். அந்த நிறத்தில் ஒரு காளானை அந்த மலையில் நான் கண்டதில்லை.

"நடுவுல நட்டுப்புட்டா மாடு எங்கீங்க சுத்தும்?" என்று கேட்டாள் வெள்ளையனின் மனைவி பொன்னி.

"காளானச் சுத்தி ஓட்டும்மா, செக்காட்டம். ஜனங்க போட்டோ எடுப்பாங்க" என்றார் கான்ட்ராக்டர்.

"உங்க ஊட்டு அடுப்படியில நடுவால ஒரு தூண நட்டு, அதச் சுத்திச் சமைக்கச் சொல்லுங்க சாமி. நானு வந்து போட்டோ எடுக்கறேன்."

சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். நான் குறுக்கே போய், குடையை ரோட்டோரமாகத் தள்ளிக் கட்டலாமே என்றேன். "வேன்ல வர்றவரு நீங்க ஏன் சார் பேசறீங்க? உங்களுக்காகத்தான் கட்டறோம்" என்றார் கான்ட்ராக்டர். நான் போய்த் தலை எண்ணி வேனில் ஏற்றினேன்.

அந்த வருடமும் வெள்ளையன் மாடுகளைப் பாறையில் ஏற்றினார். சாணி போட்டு அசிங்கமாகிவிடும் என்று, காட்சிமுனைக்குப் போட்டிருந்த காவலாள் இறக்கிவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. வீட்டு முன்னால் குவித்த கதிரில் பாதி முளைத்துப்போனது. தை பிறந்ததும் நான்கு மாடுகளையும் விற்றார். இரண்டே வருடத்தில் இன்னும் மேலே வேறொரு இடத்தில் பார்வைக் கோபுரம் கட்டினார்கள். வேன்களெல்லாம் அங்கே போய்விட்டன. நானும்தான், மைக்கோடு.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மலை ஏறியபோது அந்தப் பழைய பாறையருகே பஸ்ஸை விட்டு இறங்கினேன். போர்டு இல்லை. கம்பிகளை யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். காளானில் தண்டு மட்டும் நின்றது. துளைகளை எண்ணினேன், முப்பத்தொன்று. வெள்ளையன் என்னை அடையாளம் கண்டு ரோட்டைக் கடந்து வந்தார். பாறைதான் காலியாகக் கிடக்கிறதே, இங்கேயே அடிக்கலாமே என்றேன்.

"மாடு இல்லீங்க. ஓட்டத் தெரிஞ்ச பையன் திருப்பூருல இருக்கறான். கோலுல அடிச்சா, தவசம் ஓட்டைக்குள்ள போயிருதுங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேன் நிற்காமல் போனது. ஒரு தலைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"இப்ப யாரும் வாரதில்லீங்க" என்றார். "நீங்கதான் வந்திருக்கீங்க."