உடாயிப்பு

குழித்துறைச் சந்தையில் மீன் விற்கும் அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, வாயில் எப்போதும் வெற்றிலை. ஊரில் பாதியை 'உடாயிப்பு' என்ற ஒரே சொல்லால் அடித்துப்போடுவாள். ஏமாற்று, பொய், பித்தலாட்டம் எல்லாம் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். அடுத்த கடைத் தராசு உடாயிப்பு. ஓட்டுக்கு வந்து கும்பிட்டவர் உடாயிப்பு. சம்பந்திக்காரியின் மூட்டுவலியும் உடாயிப்பு.

அன்று என் மனைவி, கரையில் அப்போதுதான் இறங்கிய மீன் இல்லாமல் வீட்டுப்படி ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் போன நேரம் அக்கா ஐஸ் பெட்டியிலிருந்து அயிலை மீனை எடுத்துப் பரப்பி, அதன்மேல் கடல் மண்ணைத் தூவிக்கொண்டிருந்தாள். மண் ஒட்டியிருந்தால் இப்போதுதான் கரைக்கு வந்த மீன் என்று வாங்குகிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

"அக்கா, இது உடாயிப்பு இல்லியா?"

அவள் கை நிற்கவில்லை. "நீதான் பாத்துட்டியே மக்கா. ஆளு பாக்க செய்தா எப்படி உடாயிப்பாவும்? தெரியாம செய்யணும்லா."

இதில் எங்கே ஓட்டை என்று எனக்குப் பிடிபடவில்லை. சந்தையில் அன்று வேறு நல்ல மீனும் இல்லை. ஒரு கிலோ போடச் சொன்னேன். நிறுத்து முடித்ததும், "மண்ணைக் கழுவித் தரணுமா?" என்று கேட்டாள்.

வீட்டுப்படி நினைவுக்கு வந்தது.

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, முதன்முறையாக என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதாக்கும் மக்கா உடாயிப்பு."