கிருஷ்ணராஜின் ரயிலுக்குச் சிவசக்தி வைத்த காவல்

பசறைக்கு ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் பதுளைக்குத்தான் போக வேண்டும். கிருஷ்ணராஜுக்குச் சின்ன வயதிலிருந்தே அது ஒரு குறை. வளர்ந்து பஸ் கண்டக்டராகி, தினமும் பதுளைக்குப் போய்வந்தும் தீரவில்லை. டுபாயில் இருந்த சிநேகிதன், யாரோ கழித்துப்போட்ட விளையாட்டு ரயில் ஒன்றைப் பெட்டியோடு அனுப்பினான் பாருங்கள், அன்றோடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர்கள் வீட்டு முன்காம்பரா ரயிலுக்குப் போயிற்று. பெரிய மேசை, அதைச் சுற்றித் தண்டவாளம், பழைய பேப்பரும் கோதுமைமாப் பசையும் சேர்த்து ஒரு மலை, மலைக்குள் ஒரு குகை. உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஜிட்டல் கண்ட்ரோலர். அதில் குமிழைத் திருப்பினால் ரயில் ஓடும்.

"வந்தவங்க உக்கார எடமில்ல, இந்தக் குப்பைக்கு எடமிருக்கு" என்பாள் சிவசக்தி, கொழுந்துக்கூடையை இறக்கும்போதே. பெண்சாதிக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் லுணுகலையில் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் மாடசாமி சொல்லக்கூடாது. கல்யாணத்தன்றே, "கண்டக்டருக்குக் குடுத்துட்டோம், இனி விசிலடிச்சாத்தான் வருவா" என்று பந்தியில் சிரித்தவர் அவர். அவர்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார். ரயிலைப் பார்த்துச் சிரித்தால் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அண்ணனின் கண்ணும் லேசுப்பட்டதல்ல. அதனால் வெள்ளிக்கிழமை பூசாரியிடம் போய், கோடு கிழித்த செப்புத் தகடு ஒன்று வாங்கிவந்தாள். புருஷன் பஸ்ஸில் இருந்த நேரம் பார்த்து, குகைக்குள் கையைவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே செருகினாள். ஆடாமல் நிற்கட்டும் என்று கீழே துணியை மடித்து முட்டுக்கொடுத்தாள். பிறர் கண்ணில் பட்டால் பலன் போய்விடும் என்று பூசாரி சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலமே ரயில் நின்றது. கண்ட்ரோலரில் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது.

"லுணுகலையில இருந்தே கண்ணு வச்சிட்டாரே!" என்று சிவசக்தி மலைத்துப்போனாள். இன்னும் காரமான தகடாக ஒன்று வேண்டும் என்று பூசாரிக்குச் சொல்லியனுப்பினாள்.

கிருஷ்ணராஜ் பஸ்ஸில் கற்ற வைத்தியமெல்லாம் பார்த்தான். கண்ட்ரோலரைத் தட்டினான். ஊதினான். சூடாகியிருக்கும் என்று ஆறவைத்தான். பிறகு, பனியில் ஈரம் ஏறியிருக்கும் என்று அடுப்போரம் காயவைத்தான். அது கருவாடு வாசம் பிடித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை, பசறை டவுனில் போன் திருத்தும் றிஸாத்தைக் கையோடு கூட்டிவந்தான்.

றிஸாத் கண்ட்ரோலரைத் திறக்கவே இல்லை. தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு பட்டனை அமுக்கினான். பச்சை விளக்கு.

"அண்ணே, இது உசிரோடதான் ஈக்கு. நோவு றோட்டுல."

"றோட்டுல என்ன தம்பி?"

"ரெண்டு தண்டவாளத்தையும் எதோ ஒண்ணு தொட்டுக்கிட்டு ஈக்கு. ஆணி, கம்பி, செம்புன்னு என்னமாச்சும். கரண்டு குறுக்கால பாயுது. அதான் இது பயந்து தானா நிப்பாட்டிக்குது."

அடுப்பங்கரை வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சிவசக்தியின் கை நின்றது.

"இந்த மலையைத் தூக்கிட்டா பாத்துரலாம்" என்றான் றிஸாத்.

"மலையத் தொடக்கூடாது!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராக் கோழி கத்தியது. "ரெண்டு பேரும் வெளிய போய்த் தேத்தண்ணி குடிங்க."

"தேத்தண்ணி இன்னும் ஊத்தவே இல்லையே அக்கா?"

"போய் நில்லு தம்பி, வரும்."

அவர்கள் வெளியே போனதும் குகைக்குள் கையைவிட்டாள். தகடு கைக்கு வந்தது, துணியும் வந்தது, கைதான் வெளியே வரவில்லை. தகட்டைப் பிடித்த முஷ்டி குகைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. விட்டால் தகடு உள்ளே விழும். விடாவிட்டால் மலை பெயரும். தேத்தண்ணியைக் காணோமே என்று எட்டிப்பார்த்த கிருஷ்ணராஜ், பெண்சாதி தோள்வரை மலைக்குள் இருப்பதைக் கண்டான்.

"என்னடி இது?"

"தகடு. கண்ணு படக்கூடாதுன்னு."

"குப்பைக்கா?"

"வாயை மூடுங்க. அந்தப் பையனுக்குக் கேக்கும்."

அவன் அடுப்பங்கரைக்குப் போனான். கொஞ்சம் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து அவள் கையில் தடவி மெல்ல இழுத்துவிட்டான். றிஸாத்திடம், "ஒரு ஆணி கெடந்திச்சுப்பா" என்று சொல்லிவிட்டான். வயரை மாட்டியதும் ரயில் குடுகுடுவென்று ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மாடசாமி வந்தார். சிவசக்தி சோற்றைப் போட்டுவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயில் குகைக்குள் போனது, வெளியே வந்தது. அவர் சிரிக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேசையோரம் குனிந்தார். "இங்க குடுங்க மாப்பிள்ளை" என்று கண்ட்ரோலரை வாங்கி, குமிழை ஒரே திருப்பாகத் திருப்பினார். வளைவில் இன்ஜின் குப்புற விழுந்தது.

"அண்ணே, மெல்ல! எங்க ரயில ஒடைச்சிப் போடாத!"

"நீதானே போன்ல குப்பைன்ன?"

"நான் சொல்லுவேன். நீ சொல்லிப் பாரு."

மாடசாமி சொல்லிப் பார்க்கவில்லை. இன்ஜினைப் பூப்போலத் தூக்கி, "இதை எப்பிடி மாப்பிள்ளை ஏத்துறது?" என்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.