ஆனையூர் வீட்டுக்கு வழி

அப்போது நான் மதுரையில் நிருபர். வீட்டை விட்டு ஓடிவரும் பெண்பிள்ளைகளைப் பேருந்து நிலைய ஆட்டோக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் ஆனையூர் காப்பகத்தில் பத்திரமாகச் சேர்த்துவந்தார்கள். அதைப் பாராட்டி எழுதினேன். பிள்ளைகளின் பெயர்களை மாற்றினேன். காப்பகம் இருப்பது தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பச்சை வீடு என்பதை மட்டும் அப்படியே எழுதிவிட்டேன்.

செய்தி வந்த காலையே, கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து எழுமலையிலிருந்து வந்திருந்த பெண்ணைத் தேடி அவள் மாமன்கள் வேனில் வந்துவிட்டார்கள். தகவல் கேட்டு ஓடிவந்த ஆட்டோக்காரர்கள் வாசலை மறித்ததால் அவள் தப்பினாள்.

நான் போனபோது, பிள்ளைகள் வேறிடம் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கண்ணே. அந்த ஆளுக யார்கிட்டயும் வழி கேக்கல. அம்புட்டுத் தெளிவா எழுதியிருக்கீக,” என்றார் காப்பகப் பொறுப்பாளர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். “சார், இனிப் போற இடத்தையும் எழுதுவீகளா?”

கேலி இல்லை, பயந்துதான் கேட்டாள். அவள் பயப்பட வேண்டிய ஆட்களில் நானும் ஒருவனாகியிருந்தேன்.