அவள் குடிக்காத காப்பி

யாராவது எதையாவது கேட்டால், பதில் சொல்லும் முன் கஸ்னாவின் அப்பா ஔதா மேற்குச் சுவரைப் பார்ப்பார். அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தது அவருடைய அண்ணன் மித்கால் வீடு. ஆட்டை விற்கலாமா, மாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டி வைக்கலாமா, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா, எதுவானாலும் பார்வை முதலில் சுவருக்குப் போகும், பிறகுதான் வாய் திறக்கும். சுவருக்குள் யாரோ ஒளிந்திருந்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கஸ்னா சிறு வயதில் நினைத்திருந்தாள். வளர்ந்த பிறகு, அப்படி நினைத்ததில் பெரிய தப்பில்லை என்று தெரிந்தது.

அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது மித்கால் பெரியப்பாவின் மூத்த மகன் நவ்வாஃப் அவளை நிறுத்தினான். நிறுத்துவது என்றால் என்னவென்று கரக் மலைப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கே அப்பாவின் அண்ணன் மகன்தான் முறைமாப்பிள்ளை. குதிரை ஏறிவிட்ட மணப்பெண்ணைக்கூட அவன் கீழே இறக்கலாம் என்பார்கள். ஆண்கள் அறையில் நாலு பேர் முன்னால் "இவ எனக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனாக விடும்வரை வேறு எவனும் பெண் கேட்டு அந்த வாசலை மிதிக்க முடியாது. அவன் கட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். கெடு என்று எதுவும் கிடையாது.

"நாளைக்கு எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு. அது எதுக்குப் பள்ளிக்கூடத்துல பெஞ்சைத் தேய்ச்சிக்கிட்டு?" என்றார் பெரியப்பா. அன்றைக்கு அப்பா சுவரைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. சுவரே எழுந்து வந்து பேசிவிட்டது. கஸ்னாவின் படிப்பு அதோடு நின்றது.

நவ்வாஃப் பல்கலைக்கழகம் போனான். அரசியல் படித்தான். வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இறையாண்மை, பிரதிநிதித்துவம், சம்மதம் என்று வாரத்துக்கு ஒரு பெரிய வார்த்தையாக உதிர்ப்பான். பெரியவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு கேட்பார்கள். திரைக்குப் பின்னால் குவளை கழுவிக்கொண்டு கஸ்னாவும் கேட்பாள். படிப்பு முடிந்ததும் தலைநகர் அம்மானில் வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டான். இனியாவது கஸ்னாவை விட்டுவிடுவான் என்று ஊர் எதிர்பார்த்தது. அவன் விடவில்லை.

தஃபீலாவிலிருந்து மருந்துக்கடைக்காரர் ஒருவர் பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுவார். அப்பா சுவரைப் பார்த்துவிட்டு நவ்வாஃபுக்குப் போன் போட்டார்.

"நான் விட்டேன்னு சொன்னேனா, சித்தப்பா? என் கொட்டில்ல இருக்கிறது என் கொட்டில்லயே இருக்கட்டும்."

அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் போனை எப்போதும் சத்தமாகத்தான் வைத்திருப்பார். மருந்துக்கடைக்காரருக்கும் கேட்டது. திரைக்குப் பின்னால் கஸ்னாவுக்கும் கேட்டது. வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொட்டில். ரொட்டி சுடும்போதும் துணி பிழியும்போதும் அந்தச் சொல்லை அவள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாள், புளிப்பு மிட்டாயை ஒதுக்கி வைத்துச் சுவைப்பதுபோல. விட்டுவிட்டான் என்ற ஒரு வார்த்தை அவளுக்கு வேண்டியிருந்தது. அது மட்டும் போதாது என்றும் தெரிந்தது. நாலு பேர் முன்னால் அவன் ஒன்றைக் கேட்டு நிற்க வேண்டும். அது அவனுக்கு இல்லை என்று ஆக வேண்டும். அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

வருஷங்கள் போய்த் தலையில் நரை தெரிந்த பிறகு, தம்பியின் பழைய புத்தகங்களைச் சமையலறையில் வைத்துப் படித்து, பள்ளி இறுதிப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதினாள். முதல் தடவை கணக்கு காலை வாரிவிட்டது. அடுத்த தடவை தேறினாள். பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது பெரியப்பா குதித்த குதியில் கோழிகள் சிதறி ஓடின. "டீச்சர் படிப்புன்னாலும் சரின்னு விடலாம். பொம்பளைக்கு எதுக்குடி அரசியல்?"

அவளைக் காப்பாற்றியது நவ்வாஃப்தான். அந்த வருஷம் அவனுக்கு நாடாளுமன்ற ஆசை வந்திருந்தது.

"போகட்டும்ப்பா," என்றான். "உங்க குலத்துப் பொம்பளைங்களுக்கு என்ன செஞ்சீங்கன்னு அம்மான்ல கேக்கிறாங்க. எங்க சித்தப்பா மக அரசியல் படிக்கிறா, நான்தான் அனுப்பினேன்னு மேடையில சொல்லிக்கலாம்ல?"

அவன் திறந்துவிட்ட கதவு வழியாகவே கஸ்னா உள்ளே போனாள்.

முதல் நாள் சேர்க்கை வரிசையில் பின்னால் நின்ற பெண் தோளைத் தட்டினாள். "சித்தி, பிள்ளையைச் சேர்க்க வந்தீங்களா?"

"இல்ல. என்னைத்தான்."

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெயர் ஸுஹா, பதினெட்டு வயது, எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறிக்கும் வாய். அன்றிலிருந்து கஸ்னாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சித்தி என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

முதல் வகுப்பில், எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடும் பேராசிரியர் இயாத் ஒவ்வொருவரையும் எழுப்பி, ஏன் அரசியல் என்று கேட்டார். ஒருத்தன் தூதர் ஆக வேண்டுமென்றான். ஒருத்தி டிவியில் பேச வேண்டுமென்றாள். "சட்டத்துக்கு மார்க் பத்தல, டாக்டர்," என்றான் கடைசி வரிசைக்காரன். கஸ்னாவின் முறை வந்தது. அத்தனை பேர் நடுவில் அவள் எழுந்து நின்று பேசியதே இல்லை. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இங்க படிச்சிட்டு வந்து ஒருத்தர் எங்களை ஆண்டார், டாக்டர். அப்படி என்னதான் படிச்சார்னு பாக்க வந்தேன்."

வகுப்பே சிரித்தது. "பாத்துட்டு எங்களுக்கும் சொல்லு," என்றார் இயாத்.

பார்த்தாள். நவ்வாஃப் வாரத்துக்கு ஒன்றாக உதிர்த்த பெரிய வார்த்தைகள் அத்தனையும் முதல் பாடத்திலேயே வந்துவிட்டன. அதற்கு மேல் அவன் புத்தகத்தைப் புரட்டவில்லை போலிருக்கிறது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தாள்.

சம்மதம் பற்றிய வகுப்பில் கையைத் தூக்கி ஒன்று கேட்டாள். "வீட்டுல ஒருத்தர் சம்மதிச்சா, அந்த வீட்டுல இருக்கிற எல்லாரும் சம்மதிச்சதா ஆகுமா, டாக்டர்?"

"சட்டத்துல ஆகாது. எங்க அப்பா வீட்டுல ஆகும்."

எல்லாரும் சிரித்தார்கள். கஸ்னா சிரிக்கவில்லை.

நாட்டுத் தேர்தலுக்கு முன்னால் குலத்துக்குள் ஒரு தேர்தல் வைத்து, தங்கள் ஆள் யார் என்று முடிவு செய்துகொள்வது அங்கத்திய வழக்கம். நவ்வாஃபை எதிர்த்து நின்றவர் தண்ணீர் லாரி ஓட்டும் ஸுவைலிம். அவர் ஜெயிப்பார் என்று அவருடைய லாரிகூட நம்பவில்லை. பெண்களும் ஓட்டுப் போடட்டும் என்று இளவட்டங்கள் சொன்னபோது பெரியப்பா தாராளமாகத் தலையாட்டினார். ஓட்டு இரட்டிக்கும், அவ்வளவுதானே. "பொம்பளைங்க பெட்டிக்கிட்ட கஸ்னா உக்காரட்டும். சும்மாவா பஸ் ஏறிப் போய்ப் படிக்கிறா!"

தேர்தலுக்கு முன் முறைப்படி ஓட்டுக் கேட்டு அப்பா வீட்டுக்கும் வந்தார்கள். அப்பா யாரோடும் சண்டை போடாதவர். அதனால் கீழத்தெரு முழுக்க அவர் சொன்ன பக்கம் சாயும். பெரியப்பா, நவ்வாஃப், குலத்துப் பெரியவர் நால்வர் எனக் கூட்டமாக வந்து மெத்தைகளில் அமர்ந்தார்கள். தம்பி காப்பி ஊற்றினான். மூத்தவரான ஹாஜ் தியாப் குவளையை வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்தார்.

"வந்த காரியம் ஆகாம இதைத் தொட மாட்டோம், ஔதா. உன் வீட்டு வாக்கும் உன் தெரு வாக்கும் எங்களுக்கு வேணும்."

அப்பாவுக்குப் பார்க்கச் சுவர் இல்லை, அண்ணன் எதிரிலேயே இருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் திரை விலகியது. கஸ்னா வந்து நின்றாள். 

"எனக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கு."

"உள்ள போ புள்ள!" என்றார் பெரியப்பா.

"இரு மித்கால்," என்றார் ஹாஜ் தியாப். "நாம வேண்டிக்கிட்டு வந்திருக்கோம். வேண்டறவங்களை விரட்டக் கூடாது. சொல்லும்மா."

அவள் நவ்வாஃபை நேராகப் பார்த்தாள். "நாலு பேர் முன்னால நிறுத்தினீங்க. நாலு பேர் முன்னால விடுங்க."

அவன் ஒரு கணம் விழித்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான். "இவ்வளவுதானா? வல்லாஹி, சத்தியமா, உன்னை நிறுத்தி வெச்சிருக்கிறதே எனக்கு மறந்துபோச்சு! போ, விட்டேன். இனி நீ என் கூடப்பிறந்தவ மாதிரி." பெரியவர்கள் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். "நரைச்ச குதிரைக்கு எதுக்குக் கொட்டில்?"

ஆண்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "கேட்டது கிடைச்சது. காப்பியைக் குடிங்க," என்றார். எல்லாரும் குடித்தார்கள்; குடித்துவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

மறந்துபோச்சு என்று அவன் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அதோடு விட்டிருப்பாளோ என்னவோ. இல்லை, விட்டிருக்க மாட்டாள்.

மறுநாளிலிருந்து வகுப்பு முடிந்து வந்ததும் கீழத்தெருவில் வீடு வீடாகப் போனாள். பேசத் தெரியாதவள் என்பதால் போன இடத்தில் வேலையில் கை கொடுத்தாள். உம்மு ஜத்வான் வீட்டில் குவிந்த இரும்புத் தட்டின்மேல் ரொட்டி விரிக்கும்போது ஓட்டு நவ்வாஃபுக்குப் போகக் கூடாது என்று மெல்ல விஷயத்துக்கு வந்தாள். அந்த அம்மாளின் மகளையும் ஒரு முறைமாப்பிள்ளை வருஷக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தான்.

"நீ சொல்றது புரியுதுடி. எனக்கும் வயிறு எரியுது. ஆனா காப்பி குடிச்சாச்சே. கொடுத்த வாக்கை மீறினா மானம் போயிடாதா?"

"யார் குடிச்சாங்க?"

"ஆம்பளைங்க."

"உங்களுக்கு ஒரு குவளை வந்துச்சா?"

உம்மு ஜத்வானின் கையில் மாவு அப்படியே தொங்கியது. "வரலையே."

"எனக்கும் வரல. குடிக்காத காப்பிக்கு நாம எப்படிக் கட்டுப்படறது?"

அந்த அம்மாள் மாவைத் தட்டின்மேல் அறைந்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அடி பாதகத்தி! இதுதான் அங்க சொல்லித் தர்றாங்களா?" அதற்குப் பிறகு கஸ்னா அலைய வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்க் குழாயில், துணிக் கொடியில், பிரசவம் பார்க்கப் போன வீட்டில், ஒருத்தி இன்னொருத்தியிடம் "உனக்குக் காப்பி வந்துச்சாடி?" என்று கேட்டாள். ஆண்கள் காதிலும் விழுந்தது. பெண்கள் காப்பிக்கு ஏங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஓட்டு நாளன்று பெண்கள் பள்ளிக்கூடத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் கஸ்னா உட்கார்ந்திருந்தாள். கடைசியாக நவ்வாஃபின் அம்மா வந்தாள். சீட்டை மடித்துக்கொண்டே கஸ்னாவை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணமாகி வந்த நாளா காப்பி வறுக்கிறேன், இடிக்கிறேன். எனக்கு ஒருத்தனும் ஊத்தித் தந்ததில்ல," என்றாள். சீட்டைப் போட்டுவிட்டுப் போனாள். அவள் யாருக்குப் போட்டாள் என்பது கஸ்னாவுக்கு இன்றுவரை தெரியாது.

ஆண்கள் பெட்டியை முதலில் எண்ணினார்கள். நவ்வாஃப் நன்றாக முந்தியிருந்தான். அம்மானிலிருந்து வந்த குனாஃபா இனிப்புத் தட்டுகளை முற்றத்தில் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு பெண்கள் பெட்டி திறந்தது. ஹாஜ் தியாப் சீட்டுச் சீட்டாக உரக்கப் படித்தார். ஸுவைலிம். ஸுவைலிம். நவ்வாஃப். ஸுவைலிம். ஸுவைலிம். தட்டு பிரித்தவன் கை நின்றது. நவ்வாஃப் கழுத்துப் பொத்தானை அவிழ்த்தான். பிறகு மறுபடி மாட்டினான். யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும், நிமிர்ந்தான். கூட்டத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டே பழகியவள் அன்று தாழ்த்தவில்லை. பசித்தவள் சாப்பிடுவதுபோல நிதானமாக, மிச்சம் வைக்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஸுவைலிம் ஜெயித்தார் என்று ஆனதும் பெரியப்பா அவள் முன்னால் வந்து நின்றார். மீசை துடித்தது. "உங்கப்பன் குடுத்த வாக்கைக் கொன்னுட்டியேடி!"

"அப்பா தன் வாக்கைப் போட்டுட்டார், பெரியப்பா. உங்க மகனுக்குத்தான் போட்டார். எங்களை யாரும் கேக்கலையே."

"இதையா படிச்சே அங்க?" என்றான் நவ்வாஃப்.

"ஆமா. ரெண்டாவது பாடம். நீங்க முதல் பாடத்தோட எந்திரிச்சி வந்துட்டீங்க."

அன்று சாயங்காலம் அப்பா அண்ணன் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். கதவு திறக்கவில்லை. வெயில் இறங்கும்வரை தலைத்துணியைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றார். கஸ்னா மாடியில் துணி எடுத்துக்கொண்டே பார்த்தாள். அது மட்டும் அவளைச் சுட்டது. இறங்கிப் போய் அப்பாவைக் கூட்டி வந்தாள். அவர் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தார். அவள் செய்ததற்கு வருந்துகிறாளா என்று ஸுஹா பிற்பாடு ஒருநாள் கேட்டாள். கஸ்னா, "அப்பா நின்னதுக்கு வருத்தம். அவன் நின்னதுக்கு இல்ல," என்றாள்.

இப்போது கஸ்னா மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பெரியப்பா வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை. அப்பா பேசுகிறார், தேவையானதை மட்டும். பொதுத் தேர்தலில் தோற்ற ஸுவைலிம் பழையபடி தண்ணீர் லாரி ஓட்டுகிறார். நவ்வாஃப் பெருநாளுக்குக்கூட ஊருக்கு வருவதில்லை. உம்மு ஜத்வானின் மகளை அவளுடைய முறைமாப்பிள்ளை தானாகவே விட்டுவிட்டான். கஸ்னாவைப் பெண் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. அவள் நவ்வாஃபை மன்னிக்கவில்லை.