கிருத்திகையன்று வீடு பார்க்க வந்தவர்

கழிந்த ஆடிக் கிருத்திகையன்று என் சம்பந்தி அம்மாள் என் வீட்டுக் குளியலறைக்கு வரிசையில் நின்றார்.

ஆம், வரிசையில்தான். அவருக்கு முன்னால் பதினேழு பெண்கள். நான் எண்ணினேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

வாசகர்கள் பதற வேண்டாம், விளக்கிவிடுகிறேன். திருத்தணியில் எங்கள் தெரு சரவணப் பொய்கைக்கு அருகில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் பெண்கள் பொய்கையில் மூழ்கி எழுந்ததும், ஈரப் புடவை மாற்ற ஒரு மறைவிடம் தேடுவார்கள். ஆகவே அன்று எங்கள் தெருவில் வாசற்கதவும் பின்கதவும் திறந்தே இருக்கும். யார், எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. வீட்டார் நாங்கள் விடியுமுன் குளித்து முடித்து ஒதுங்கிவிடுவோம். அதன்பிறகு குளியலறை அவர்களுடையது. இப்படிச் செய்ய வேண்டுமென்று யாரும் சட்டம் போட்டதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். இதில் எனக்குள்ள பெருமையை அடக்கமாகச் சொல்லும் கலை இன்னும் கைவரவில்லை.

வேலூரிலிருந்து மூன்று மணி நேரம் பேருந்தில் வந்து, ஊருக்கு வெளியே இறக்கிவிடப்பட்டு, கடைசி அரை மணி நேரம் வெயிலில் நடந்து வந்த சம்பந்தி லோகநாயகி அம்மாள், முகம் கழுவ நேரே உள்ளே போகப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒரு பெண்மணி கையை நீட்டித் தடுத்தார்.

"லைன்ல வாம்மா. நாங்களும் அரமணி நேரமா நின்னுகினுதான் இருக்கிறோம்."

"இது எங்க சம்மந்தி வீடு."

"இருக்கட்டும்மா. இன்னிக்கு முருகன் வூடு."

சம்பந்தி அம்மாள் என்னைப் பார்த்தார். நான் அடியவர்களுக்காக வைத்திருந்த மோர்ப் பானையைப் பார்த்தேன். அவர் கடைசியில் போய் நின்றார். சினம் தணிந்த தலம் இது என்று புராணம் சொல்லும். அவர் முகத்தில் அதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை.

அவர் அன்று வந்தது தரிசனத்துக்கு அல்ல. வீடு பார்க்க!

லோகநாயகி அம்மாள் என் மகளின் மாமியார். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். வேலூரில் இருபது ஆண்டுகளாகக் குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். ஆவணி முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். மகன் — என் மாப்பிள்ளை — அம்பத்தூரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் இருக்கிறார். "அம்மா இங்கேயே வந்துவிடட்டும்" என்றார் அவர். என் மகளும் அதையே சொன்னாள். சம்பந்தி அம்மாள் மறுத்துவிட்டார்.

மறைப்பானேன், எனக்குச் சுருக்கென்றது. மருமகள் சரியில்லை, அதனால் மாமியார் தனியே போகிறார் என்றல்லவா ஊர் பேசும்? பெண்ணைப் பெற்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? போன் போட்டு, சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் வளைக்கவே இல்லை.

"உங்க பொண்ணு என்னை நல்லாதான் பாத்துக்குது சம்மந்தி. அதான் பிரச்சினையே. சமையல்கட்டுல கால வெச்சா 'நீங்க உக்காருங்க அத்தை'ங்குது. எனக்கு என்னா வயசாயிடுச்சி, ஒருத்தர் பாத்துக்க? பென்ஷன் வருது. கை கால் நல்லா இருக்குது. என் அடுப்ப நான் பத்த வெச்சிக்கிறேன். அதுக்கு ஒரு ஊரு வேணும், அவ்வளவுதான்."

தாய்க்கும் மகனுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சென்னையிலிருந்து மின்சார ரயில் வந்து சேரும் ஊராக இருக்க வேண்டும். ஆவணிக்குள் பென்ஷனுக்கு அடங்கிய வீடு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அம்பத்தூர்தான், பேரனின் அறையில் ஒரு கட்டில். பாத்திரம் பண்டத்துக்கும் பீரோவுக்கும் அங்கே இடமில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டு, ஒரு சூட்கேஸோடு போக வேண்டியதுதான்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு ஊர்களை ஒப்பிட ஆரம்பித்தார். வாடகை, தண்ணீர், பால், காய்கறி, ஆட்டோ, டாக்டர், தூக்கம். தூக்கத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அரக்கோணத்தை ஒரு புதன்கிழமை போய்ப் பார்த்து வந்தார். ரயில் நிறைய, மார்க்கெட் பக்கம், வீடு பிடித்திருந்தது. வீட்டுக்காரர் திங்கட்கிழமை வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

அரக்கோணமா! பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி என் தணிகை மலை இருக்க, அங்கேயா? அன்றிலிருந்து நாள்தோறும் போன் செய்தேன். வாடகை எப்படி என்று கேட்டார். மலையின் மாண்பைச் சொன்னேன். தண்ணீர் எப்படி என்று கேட்டார். சுனைகளின் சிறப்பைச் சொன்னேன். டாக்டர் இருக்கிறாரா என்றதற்கு, வேலிருக்க வினை ஏது என்றேன். மறுமுனையில் பேனா நகரும் ஓசை கேட்கவேயில்லை.

கடைசியில், நேரில் வந்து பாருங்கள் என்றேன். எந்த நாள் என்று கேட்டார். பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். ஆண்டுக்கே சிறந்த திருநாள் கண்ணெதிரே இருந்தது. ஊரின் முழு அழகும் பொலியும் நாளல்லவா? அறுபது ஆண்டுகளாக இந்த ஊரில் வாழும் ஒருவனால் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அன்று பேருந்து உள்ளே வராது, ஆட்டோ ஓடாது, கடைவீதியில் கால் வைக்க இடமிராது என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவற்றை நான் ஒருபோதும் குறையாக நினைத்ததில்லை. அதனால் சொல்லத் தோன்றவில்லை.

முகம் கழுவி வந்தவர் நோட்டைத் திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது: தண்ணீர் — வரிசை. ஆட்டோ — இல்லை. காய்கறி — கடை தெரியவில்லை. தூக்கம் — வாய்ப்பே இல்லை.

"பொண்ணு பாக்க வரவங்கள வெள்ளையடிக்கிற நாள்ல வர சொன்ன மாதிரி இருக்குது சம்மந்தி," என்றார்.

மூன்று வீடுகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். முதல் வீட்டில், காலியாக இருந்த பகுதியை உரிமையாளர் ஆந்திரத்திலிருந்து வந்த காவடிக் குழுவுக்கு அன்றைக்கு விட்டிருந்தார். இருபது பேர் படுத்திருந்தார்கள். அவர்கள் எழுந்தால்தான் தரை எப்படி என்று சொல்ல முடியும். இரண்டாவது வீட்டுக்குத் தெருவைக் கடக்க வேண்டும். புஷ்பக் காவடிகள் வந்தவண்ணம் இருந்தன... கால் மணி நேரம் நின்றோம். வேறு வழியின்றி, எதிர்ப்புறத்திலிருந்து அந்த வீட்டின் பச்சை ஜன்னலைச் சுட்டிக் காட்டினேன்.

"ஜன்னல பாத்து வாடகைக்கு எடுக்க சொல்றீங்களா?"

அடியவர் கூட்டத்தோடு கூடியிருக்க வேண்டும் என்று உருகிப் பாடியவர்கள் இந்நாட்டில் பலர். அந்தப் பாடல்களை நாள்தோறும் ஓதுகிறவன் நான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருவருக்கு வாடகை வீடு காட்டுவது எப்படி என்று ஒருவரும் பாடி வைக்கவில்லையே! 'அரக்கோணத்தையே முடித்துவிடுங்கள் அம்மா' என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் ஊரைப் பற்றி அப்படியொரு சொல் என் வாய்வரை வந்தது அதுவே முதல்முறை.

மூன்றாவது வீட்டுக்கு அவர் வந்தது, உட்கார ஓர் இடம் கிடைக்கும் என்பதற்காகத்தான்.

அது எஸ்தர் டீச்சரின் வீடு. அரக்கோணம் சாலையிலிருந்து பிரியும் சிறு தெருவில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்பவர். ஆடிக் கிருத்திகை தவறாமல் வாசலில் மோர்ப் பானை வைப்பவர். வீட்டின் பின்பகுதி காலியாக இருந்தது. ஓர் அறை, சமையலறை, சந்துப் பக்கம் தனி வாசல். எங்களைக் கண்டதும் இரண்டு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு போயி யாரும்மா வீடு பாக்க வர சொன்னது?" என்றார்.

சம்பந்தி அம்மாள் என்னை நோக்கி விரலை நீட்டினார். டீச்சர் சிரித்த சிரிப்பை இங்கே வர்ணிக்க விரும்பவில்லை.

பிறகு கேள்விகள் ஆரம்பமாயின. நான் குறுக்கே பேசவில்லை; பேச எனக்கு அருகதை இருந்ததாகவும் தோன்றவில்லை. கிணறு கோடையில் இறங்கும், வற்றாது என்றார் டீச்சர். வாடகை அரக்கோணத்தைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் மலையடிவாரம் என்பதால் ஹோட்டல் சாப்பாடு விலை கூடுதல் என்றார். காய்கறி பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து பறித்த சூட்டோடு வரும். டாக்டர்?

"காய்ச்சல், சளின்னா இங்கியே பாத்துக்கலாம். பெரிய டெஸ்டு கிஸ்டுன்னா வண்டியேறணும்மா. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"இன்னிக்கு மாதிரி நாளு வருசத்துல எத்தினி வரும்?"

"மாசா மாசம் கிருத்திகைக்கு கொஞ்சம் கூட்டம் இருக்கும். ஆனா இதுதான் பெரிசு. இதுக்கு மேல கெடையாது."

"அன்னிக்கு நீங்க என்னா பண்ணுவீங்க?"

"மொத நாளே பாலு, காய், மாத்திர எல்லாம் வாங்கி வெச்சிடுவேன். மூணு நாளு எங்கியும் போவ மாட்டேன். யார்னா தண்ணி கேட்டா குடுப்பேன். அவ்ளோதாம்மா."

சம்பந்தி அம்மாள் நோட்டை மூடினார். பின்பகுதியின் தனி வாசல்வரை சென்று, கதவை ஒருமுறை திறந்து, ஒருமுறை சாத்திப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஆங்... சரி. அட்வான்ஸ் எவ்வளவு டீச்சர்?"

நான் திகைத்துப் போனேன். திரும்பி நடக்கையில், "அப்படியென்றால் அரக்கோணம்?" என்றேன்.

"அரக்கோணம் நல்ல ஊருதான். ஆனா நான் அத ஒரு புதன்கிழமை பாத்தேன். கஷ்டமான நாள்ல அது எப்டி இருக்கும்னு எனக்கு தெரியாது. உங்க ஊரோட மோசமான நாள இன்னிக்கு பூராவும் பாத்துட்டேன். பதினேழு பேருக்கு பின்னால நின்னேன். என் பைய யாரோ ஒருத்தி வாங்கி வெச்சிகினா. கடைசியில தண்ணி கெடைச்சுது. இல்ல? தனியா இருக்கப் போறவளுக்கு வேற என்னா தெரியணும்?"

மோசமான நாள்! என் வேலவனின் திருநாளை ஒருவர் இப்படிச் சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். பிறகு அதை எண்ணி எண்ணிப் பார்த்தேன். ஊரைத் தேடும்போது நாம் என்ன பார்க்கிறோம்? வாடகை, பால் விலை, ஸ்டேஷன் எத்தனை தூரம்... எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நெருக்கடி வந்தால் அந்த ஊர் கதவைத் திறக்குமா, சாத்துமா? அதை எந்தப் புதன்கிழமையும் சொல்வதில்லை. மலையையும் சுனையையும் நான் அளந்ததெல்லாம் வீண். என் ஊரின் பெருமையை அவருக்கு எடுத்துக் காட்டியது ஒரு குளியலறை வரிசை. எப்படியானால் என்ன... பெருமை எங்கள் ஊருக்குத்தானே!

ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக் குடியேறினார். பீரோவும் வந்தது; ஒரு பாத்திரமும் விற்கப்படவில்லை. மருமகள் விரட்டிவிட்டாள் என்று ஊர் பேசுமே என்று நான் அஞ்சினேன் அல்லவா? ஒருவரும் பேசவில்லை. என் மகள் பதினைந்து நாளுக்கொருமுறை வந்து, மாமியார் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். சமையலறையில் அவள் கால் வைத்தால், "நீ உக்காரும்மா" என்று அதட்டல் கேட்கிறது.

சென்ற ஞாயிறு மாப்பிள்ளை தனியாக வந்திருந்தார். மாலையில் என் வீட்டுப் பக்கம் வந்தவர் முகம் சற்று வாடியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"ராத்திரி தங்கிட்டு காலைல போலாம்னு நெனச்சேன் மாமா. அம்மா, 'அஞ்சு மணிக்கு வண்டி இருக்குது, கெளம்பு, எனக்கும் டீச்சருக்கும் வேலை இருக்குது'ன்னுட்டாங்க."

அவருக்கு ஆறுதலாக ஏதோ சொல்லி ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே பூரிப்பு — தன் வீடு என்பது, பெற்ற பிள்ளையே ஆனாலும் 'போய் வா' என்று வழியனுப்ப முடிகிற இடந்தானே!