பார்க்குக்கு வந்த அகதிகள்

லண்டனுக்குப் போனால் தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அப்பா ஜேர்மனியில் வைத்தே எங்களுக்கு உறுதி தந்திருந்தார். தடுக்கி விழுந்தாலும் ஒரு தமிழர் மேல்தான் விழவேண்டும் என்றார். அதில் பொய்யில்லை. குட்மேய்ஸில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு இடப்பக்கமும் தமிழர், வலப்பக்கமும் தமிழர், தெருமுனையில் தமிழ்க்கடை. ஆனால் எல்லாருக்கும் ஷிப்ட். ஒருவர் வேலையால் வரும்போது மற்றவர் வேலைக்குப் போவார். பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் முதலில் போன் எடுத்துக் கேட்கவேண்டும் என்பது அம்மாவுக்குப் புதிய சட்டமாக இருந்தது. ஜேர்மனியில் நாங்கள் இருந்த சின்னப் பட்டணத்தில் மொத்தம் மூன்றே மூன்று தமிழ்க் குடும்பங்கள். மூன்று வீட்டுக்கும் அம்மா ஒரே சட்டியில் சமைத்த நாட்கள் உண்டு. லண்டனுக்கு வந்து இரண்டாவது மாதம் அம்மா அந்தப் பெரிய சட்டியைக் கழுவித் துடைத்து, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

என் பாடு அதைவிட மோசம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜேர்மன் மொழியில் சண்டை பிடிக்கவும் தெரியும், சமாதானம் பேசவும் தெரியும். ஆங்கிலத்தில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க மட்டும் தெரியும். என்னைப் பார்த்துக்கொள்ளும்படி ஆசிரியை ஒரு சிறுமியை நியமித்தார். அவள் ஒரு கிழமை தன் கடமையை ஒழுங்காகச் செய்துவிட்டு வெள்ளிக்கிழமை பின்னேரத்தோடு ஓய்வு பெற்றுக்கொண்டாள். அதன் பிறகு இடைவேளைகளில் நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். தனியாக நிற்பதற்கு ஒரு காரணம் இருப்பதுபோலத் தெரியவேண்டும் அல்லவா.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பார்க். மேல்மாடி ஜன்னலில் நின்றால் ஊஞ்சல் தெரியும் என்பதால் ஊஞ்சல் வரைக்கும் போக எனக்கு அனுமதி இருந்தது. வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஊஞ்சலில் இருந்தபடி பார்க்கிறேன், மரங்களுக்கு அப்பால் புகை எழும்புகிறது. எல்லையைத் தாண்டிப் போனேன்.

புல்வெளி முழுக்கக் கூடாரங்கள். பத்துப் பதினைந்து இருக்கும். பழுப்பு நிறத் துணி, மரக்கம்பு, கயிறு. நடுவில் மூன்று தடிகளைச் சேர்த்துக் கட்டி ஒரு கரிப்பானை தொங்கியது. பெண்கள் நிலம் கூட்டும் நீளப் பாவாடையும் தலையில் வெள்ளைத் துணியுமாக இருந்தார்கள். ஆண்கள் தாடியும் மீசையுமாக வைக்கோல் மூட்டைகளில் குந்தியிருந்தார்கள். பிள்ளைகளின் காலில் செருப்பில்லை. ஒரு பெண் அகப்பையால் ஏதோ ஊற்ற, மரக்கிண்ணங்களோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையை எனக்குத் தெரியும். எனக்கு நாலு வயது ஆகும்வரை நாங்கள் ஜேர்மனியில் அகதிகள் விடுதியில்தான் இருந்தோம். தட்டோடு வரிசையில் நின்றுதான் நான் நடக்கவே பழகினேன் என்று அப்பா பகிடியாகச் சொல்லுவார். இந்தப் புல்வெளி வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை நின்றது உண்மைதான். விடுதி வாசலிலும் ஒரு பலகை நின்றது. அதில் என்னென்ன செய்யக்கூடாது என்று எழுதியிருந்தது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கூடாரத்தின் முன்னால் என் வயதுச் சிறுமி ஒருத்தி மண்ணும் சாம்பலும் போட்டுச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தள்ளியிருந்து இடம் விட்டாள். லண்டனில் எனக்காக ஒருவர் தள்ளியிருந்தது அதுதான் முதல் தடவை. எங்கேயிருந்து வந்தீர்கள் என்று என்னிடம் இருந்த ஆங்கிலத்தைக் கொண்டு கேட்டேன். அவள் ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கும்படி, மெதுவாகச் சொன்னாள். மூன்று நாள் நடந்து வந்தார்களாம். அவர்கள் மாடு மேய்த்த நிலத்தைப் பெரிய மனிதர்கள் அளந்து, கல் நாட்டி, வேலி போட்டுவிட்டார்களாம். இனி அங்கே போக ஏலாதாம். வெள்ளைத் துணி கட்டிய ஒரு தடித்த பெண், அவளுடைய தாய்போலும், எனக்கு ஒரு துண்டுப் பாண் பிய்த்துத் தந்தாள். கல்லுப்போல இறுகிய ரொட்டி. நான் முழுவதையும் தின்றேன்.

வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, பார்க்கில அகதியள் வந்திருக்கினம்."

அம்மா என்னை ஏசவில்லை. சிரிக்கவுமில்லை. கையில் இருந்த துணியை வைத்துவிட்டு, இந்த விஷயத்தில் பழகியவர் கேட்கும் கேள்விகளை ஒழுங்காகக் கேட்டார்.

"எத்தினை குடும்பம்? தண்ணி எங்க எடுக்கினம்? கைக்குழந்தையள் இருக்கோ?"

எந்த நாட்டு ஆட்கள் என்று கேட்டார். வெள்ளைக்காரர் என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். வெள்ளைக்காரருக்கும் நாடுகள் குலைகின்றனதானே என்று முடிவு செய்திருக்கவேண்டும். மன்னாரில் இருந்து வெளிக்கிட்ட பிறகு அம்மா இரண்டு வருஷம் காட்டுக்குள் கூடாரத்தில் இருந்தவர். அது எனக்கு ஒரு வசனமாக மட்டும்தான் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

கட்டிலுக்குக் கீழே இருந்து பெரிய சட்டி வெளியே வந்தது.

அன்றிரவும் மறுநாள் காலையும் அம்மா சமைத்ததைப்போல லண்டனில் அதற்கு முன் அவர் சமைத்ததில்லை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வெள்ளைக்கறி, முப்பது அவித்த முட்டை. "உறைப்பு ஒண்டும் போடேல்லை, பாவங்கள், வயிறு தாங்காது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செருப்பில்லாத பிள்ளைகளுக்காக ஜேர்மனியில் வாங்கிய தடித்த காலுறைகளை ஒரு பையில் கட்டினார். நடுவில் மெல்லிய குரலில் தேவாலயப் பாட்டு ஒன்று பாடினார். அப்பாவுக்கு அன்று பெற்றோல் நிலையத்தில் இரட்டை ஷிப்ட் என்பதால் குறுக்கே கேள்வி கேட்க வீட்டில் ஆளில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சட்டியைக் கடைக்குப் போகும் தள்ளுவண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டி, பார்க்குக்குள் தள்ளிக்கொண்டு போனோம். முதல்நாளைவிடச் சனம் அதிகம். நல்ல உடுப்புப் போட்ட குடும்பங்கள் கூடாரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. அம்மா அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. நேரே கரிப்பானைக்கு முன்னால் போய் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்தார்.

முதல்நாள் பாண் தந்த வெள்ளைத் துணிக்காரி சட்டியைப் பார்த்தாள், அம்மாவின் சேலையைப் பார்த்தாள், பிறகு பாவாடையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் குனிந்தாள். கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் என்றாள். கடவுள் என்ற சொல் அம்மாவுக்கும் விளங்கியது. அதன் பிறகு அம்மா யாரையும் கேட்கவில்லை. அவளுடைய கையில் இருந்த அகப்பையை வாங்கி, முதலில் பிள்ளைகளை வரிசையாக இருத்தினார். பிறகு பெண்கள். தாடிக்காரர் ஒருவர் கிண்ணத்தோடு முன்னால் வர, அவரைக் கையால் மறித்துப் பின்னுக்கு அனுப்பினார். முகாமில் ஆண்கள் கடைசி. அந்த மனிதர் பின்னுக்குப் போய் நின்றார்.

சுற்றி நின்றவர்கள் கமராவை எடுத்தார்கள். அம்மாவின் முகம் மாறியது.

"பிள்ளை, சாப்பிடுற ஆக்களைப் படம் பிடிக்க வேண்டாமெண்டு சொல்லு. இதென்ன கண்காட்சியோ?"

அப்படி வந்து படம் பிடித்தவர்களை அம்மா முந்தியும் கண்டிருக்கவேண்டும். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் படம் வேண்டாம், தயவுசெய்து என்றேன். அவ்வளவு பேரும் கமராக்களை இறக்கினார்கள். என் ஆங்கிலம் ஒரு கூட்டத்தையே அடக்கிய நாள் அது. இன்றைக்கு வரை அதற்கு ஈடான வெற்றி எனக்குக் கிடைக்கவில்லை.

காலுறைகள் கொடுத்து முடிந்ததும் என் சிநேகிதியைத் தேடினேன். ஆம், அப்படித்தான் மனதுக்குள் அவளை அழைத்துக்கொண்டேன். அவள் வீடில்லாதவள் என்பதில் எனக்கு ஒரு கள்ளச் சந்தோஷம் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். போக இடமில்லாதவள் என்றால் இங்கேயே இருப்பாள். என் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். இடைவேளையில் சப்பாத்துக் கயிறு கட்டவேண்டிய தேவை இருக்காது.

அவள் கூடாரத்துக்குப் பின்னால் குந்தியிருந்து, அம்மா கொடுத்த காலுறையைக் கழற்றி ஒரு பள்ளிப் பைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குளிர்ப்பெட்டி, உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற், சிவப்பு நிற ஓட்டச் சப்பாத்து. என்னைக் கண்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தக் காலத்தில் இப்படிக் காலுறை இல்லை, கண்டால் பொறுப்பாளர் ஏசுவார் என்றாள். எந்தக் காலத்தில் என்று கேட்டேன். அப்போதுதான் அவளுக்கு என் நிலைமை விளங்கியது. மறுபடியும் மெதுவாகச் சொல்லித்தந்தாள். இந்தப் பகுதியின் எல்லையை முதன்முதலில் அளந்து கல் நாட்டிய நாளுக்கு இது ஆண்டுவிழா. கவுன்சில் நடத்துகிறது. அன்று வாழ்ந்த மனிதரைப்போல மூன்று நாள் இருந்து காட்டுகிறார்கள். யார் என்ன கேட்டாலும் அந்தக் கால ஆளாகவே பதில் சொல்லவேண்டும் என்பது விதி. அவளுடைய வீடு லண்டனிலேயே சட்டன் என்ற இடத்துப் பக்கம். தாய் பள்ளி ஆசிரியை. நாளைக்கு எல்லாரும் காரில் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை.  சரி என்று தலையாட்டிவிட்டு அம்மாவிடம் திரும்பினேன்.

அம்மா வைக்கோல் மூட்டையில் வெள்ளைத் துணிக்காரியோடு நெருங்கி உட்கார்ந்திருந்தார். சட்டி வெறுமையாக இருந்தது. அம்மா தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தாள்.

"எங்களுக்கும் உப்பிடித்தான். கூடாரத்துக்குள்ள வெள்ளம். என்ரை மூத்தவளுக்கு அப்ப மூண்டு வயசு. நாலு நாள் காய்ச்சல். ரோட்டும் பூட்டு, மருந்துமில்லை. மடியிலதான் வைச்சிருந்தனான். விடியத் தொட்டுப் பாத்தா குளிர்ந்துபோய்க் கிடந்தாள்."

இதைச் சந்தையில் விலை சொல்லும் குரலில் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "கவலைப்படாதேங்கோ, எல்லாம் சரிவரும்," என்று முடித்தார். வெள்ளைத் துணிக்காரியின் கண் நிறைந்திருந்தது. அது அவளுடைய விதிகளில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு முன்னால் ஒருத்தி பிறந்து இறந்தாள் என்பதை அப்பா சொல்லி நான் அறிந்தபோது எனக்குப் பதினேழு வயது. படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றார். பெயரைக் கேட்டேன். நான் என் இரண்டாவது பெயர் என்று பள்ளிப் படிவங்களில் நிரப்பிவரும் பெயர் அது. அம்மா என்னிடம் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. வாழ்நாளில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு மனுஷியிடம்தான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் ஒரே பிள்ளை. புல்வெளியில் நின்ற அத்தனை பேரும் இல்லாத துன்பத்தை இருப்பதுபோலச் சொல்கிறார்கள் என்பதைச் சற்று முன்தான் அறிந்திருந்தேன். அம்மாவும் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக ஒரு கதையைக் கட்டிச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

வெறும் சட்டி கடகடக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தோம். அம்மா களைத்திருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. நாளைக்குப் புட்டு அவிக்கலாம் என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு வந்து எல்லார் முன்னாலும் அவமானப்படப்போகிறாரே என்று பயந்தேன்.

"அம்மா, அவையள் அகதியள் இல்லை. சும்மா நடிக்கினம். அவைக்கு வீடு இருக்கு, கார் இருக்கு."

அம்மா வண்டியை நிறுத்தினார். "ஆர் சொன்னது?"

சிறுமி சொன்னதை எல்லாம் சொன்னேன். அம்மா திரும்பி மரங்களுக்கு மேலே தெரிந்த புகையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குக் கவலையாக இருந்தது. எதையாவது சொல்லி அவரைத் தேற்றவேண்டும் என்று தோன்றியது.

"பரவாயில்லை அம்மா. நீங்களும் நல்லா நடிச்சனீங்கள். அந்த மூத்த பிள்ளையின்ரை கதை. அந்த மனிசி அழுதே போட்டா."

அம்மா என்னை நீண்ட நேரம் பார்த்தார்.

"ஓம்," என்றார். பிறகு வண்டியைத் தள்ளத் தொடங்கினார்.

எனக்கு அவரை நினைக்கப் பெருமையாக இருந்தது. திங்கள் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் யாராவது என்னோடு பேச வந்தால் என் அம்மா நன்றாக நடிப்பார் என்று சொல்லவேண்டும். அதற்கான ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி அடுக்கிக்கொண்டே வீடு வரைக்கும் அவருக்குப் பின்னால் நடந்தேன்.